கேரவனில் கடற்கரைக்கு: சின்ன நாய்களோடு போகிறவர்களின் கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தன. வாடகைக் கேரவன்களும் வீடுபோல மாற்றிய வேன்களும் நம் சாலைகளில் கண்ணில் படத் தொடங்கியதிலிருந்து, வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு கடலைப் பார்த்துவர விரும்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் என்ற முறையிலும், சின்ன நாய்களோடு அதே சாலையில் பலமுறை போய்வந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் கானாடுகாத்தானில் குடியிருக்கிறோம். தை மாதம் சிங்கப்பூரிலிருந்து மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ராமேஸ்வரம், தனுஷ்கோடி வரை போய் இரண்டு இரவு தங்கி வரலாம் என்கிறான் மகன். வீட்டில் ஒன்பது வயது டாஷண்ட் நாயும் மூன்று வயதுப் பொமரேனியனும் இருக்கின்றன. சென்ற முறை காசிக்குப் போனபோது அவற்றைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுப் போனோம். டாஷண்ட் நான்கு நாள் சோற்றைத் தொடவே இல்லை என்று திரும்பி வந்தபின் தெரிந்து மனம் பொறுக்கவில்லை. இந்த முறை கூட்டிப்போகலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(ஒரு வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, தாராளமாகக் கூட்டிப்போகலாம். ஆனால் ராமேஸ்வரத்தை வைத்துத் திட்டம் போடாமல், அந்த இரண்டு நாய்களின் உடலை வைத்துத் திட்டம் போடுங்கள். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வேண்டிய முதல் பதில் இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

டாஷண்டின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே அரைச் சாண் இடைவெளிகூட இருக்காது. நமக்குக் காற்று இதமாக வீசும் காலை பத்து மணிக்கே தார்ச்சாலையும் கடற்கரை மணலும் அதன் உள்ளங்கால்களையும் அடிவயிற்றையும் சுடத் தொடங்கிவிடும். நாய்க்கு நம்மைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது பெரும்பாலும் தன் சூட்டை வெளியேற்றுகிறது. முற்றமும் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள உங்கள் வீட்டில், வெயில் ஏற ஏற அது தானாகவே குளிர்ந்த மூலையைத் தேடிப்போய்ப் படுத்துக்கொள்கிறது. கேரவனை எத்தனை அழகாக அமைத்திருந்தாலும், வெயிலில் நிற்கும்போது அது ஒரு தகரக் கூடுதான். அதற்குள் நாய் தேடிப்போகக் குளிர்ந்த மூலை எதுவும் இருக்காது. அந்த மூலையை நீங்கள்தான் உண்டாக்கித்தர வேண்டும்.

அதனால் வண்டியை முன்பதிவு செய்வதற்கு முன் மகன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, நாய்களை ஏற்றுவதற்கு வண்டிக்காரர் சம்மதிக்கிறாரா என்பது. சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது, இதைவிட முக்கியமானது: எஞ்சின் நின்றிருக்கும்போது குளிர்சாதனம் ஓடுமா, ஓடினால் எத்தனை மணி நேரம் ஓடும்? சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் ஏ.சி. ஓடும், சிலவற்றில் வெளியிலிருந்து மின் இணைப்புக் கொடுத்தால் ஓடும், ஜெனரேட்டர் வைத்த வண்டிகளும் உண்டு. இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய வண்டிக்குள் அது கசிந்தால் தூங்குகிறவர்களும் நாய்களும் விழித்தெழவே மாட்டார்கள். ஆகவே, மின் இணைப்பும் மர நிழலும் தருகிற விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தை மாத இரவில் கடற்காற்றுக்குச் சன்னலைத் திறந்து கொசுவலை போட்டாலே பெரும்பாலும் போதும்.

வழியைப் பற்றிச் சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று தோன்றும், போகாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கானாடுகாத்தானை விட்டால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேரலாம். இடையில் ஒருமுறை நிறுத்தி, நாய்களை இறக்கி, தண்ணீர் காட்டி, சிறுநீர் கழிக்க விடுங்கள். நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். திருவாடானை தாண்டியதும் இருபுறமும் சீமைக் கருவேலம்தான். அதன் நிழல் அழைக்கும். ஆனால் உதிர்ந்த முள் வண்டியின் டயரையும் துளைக்கும், நாயின் பாதத்தையும் துளைக்கும். புதர்களை மோப்பம் பிடிக்க விடவும் கூடாது, ஏனென்றால் அந்த வறண்ட மண் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வாழும் மண்.

தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பித் தேவிபட்டினம் வழியாகப் போனால், மதியத்துக்குள் ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் தங்குமிடத்துக்குப் போய்விடலாம். பதினொரு மணி முதல் நான்கு மணி வரை நாய்களை வெளியே இறக்காதீர்கள். மாலையில் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் அந்தக் கடற்கரையில் சவுக்கு மரங்களின் நிழலும் ஆழமற்ற நீரும் உண்டு. சின்ன நாய்களுக்கு இந்த வட்டாரத்தில் அதைவிடப் பொருத்தமான கடற்கரை எனக்குத் தெரியாது. மணலில் புறங்கையை வைத்து, நிதானமாக ஏழு எண்ணும் வரை உங்களால் பொறுக்க முடிந்தால் நாயை இறக்கலாம். இல்லையென்றால் இன்னும் அரை மணி நேரம் காத்திருங்கள்.

தனுஷ்கோடி வரை நாய்களைக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. மகனுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், தெரிந்தே சொல்கிறேன். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரில், 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு கூட்டம் பெருகிவிட்டது. ஆனால் நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. காற்றில் பறக்கும் மணல், தரையோடு நடக்கும் நாயின் கண்ணில்தான் நேரே போய் விழும். அலை அடங்கிய பக்கத்தைப் பெண் கடல் என்றும் கொந்தளிக்கும் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். பெயரை நம்பிப் பெண் கடலில் நாயை நீந்த விடுவதும் ஆபத்தே, வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கமும் கொந்தளிக்கும். இருட்டிய பின் அங்கே தங்கவும் அனுமதி இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் ஒரு வாடகைக் காரில் பாம்பன் பாலம் தாண்டிப் போய், சுவாமி தரிசனம் முடித்து, தனுஷ்கோடியும் பார்த்துத் திரும்புங்கள். யாராவது இருவர் கேரவனோடும் நாய்களோடும் அரியமானிலேயே இருக்கட்டும். தேதியைக் குறிக்கும்போது தை அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தில் பெரிய வண்டியைத் திருப்பவே இடம் கிடைக்காது.

டாஷண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட முதுகும் குட்டைக் காலும் உள்ள அந்த இனத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்கு வாழ்நாளில் எப்போதாவது முதுகுத்தண்டுத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் நோய் வருகிறது. கேரவனின் படி நம் வீட்டுத் திண்ணைப் படியைவிட உயரம். ஒருநாளைக்குப் பத்து முறை அதிலிருந்து குதித்தால், ஒன்பது வயது முதுகு எத்தனை நாள் தாங்கும்? ஒரு கையை நெஞ்சுக்குக் கீழும் மறு கையைப் பின்காலுக்குக் கீழும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கி இறக்குங்கள். அல்லது தச்சரிடம் சொல்லி ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சரிவுப் பலகை செய்து, அதன்மேல் பழைய கோணிச் சாக்கை அடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையை இப்போதே வீட்டு முகப்பில் சாய்த்து வைத்து ஏறி இறங்கப் பழக்கினால், தை மாதத்துக்குள் நன்றாகப் பழகிவிடும். பின்கால் தள்ளாடினாலோ காலை இழுத்து நடந்தாலோ, பயணத்தை அங்கேயே நிறுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் கால் திரும்ப வராமலே போகலாம்.

பொமரேனியனுக்குக் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டாதீர்கள். சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழல் மென்மையானது, இழுக்க இழுக்க நசுங்கும். மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் என்று அதன் முடியை மழித்துவிடவும் வேண்டாம். அந்த இரட்டை அடுக்கு முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. வண்டி ஓடும்போது இரண்டும் தனித்தனிக் கூண்டில், இருக்கையோடு கட்டிய நிலையில் இருக்கட்டும். மடியில் வைத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருக்கும், ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் நான்கு கிலோ நாய் கல்லைப்போலப் பறந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 மில்லி லிட்டர் தண்ணீர் நாய்க்கு வேண்டும். வெயிலிலும் ஓட்டத்திலும் அது இரண்டு மடங்காகும். உங்கள் டாஷண்ட் ஒன்பது கிலோ, பொமரேனியன் நான்கு கிலோ என்று வைத்தால், குடிக்க மட்டும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல், மூன்று நாளைக்கு ஐந்து லிட்டர். கடலில் நனைந்த பின் உப்பைக் கழுவுவதற்கு அதைப்போலப் பல மடங்கு தேவை. கடலோரக் கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீர்தான் ஊறும், ஆகவே வீட்டுத் தண்ணீரையே இரண்டு பெரிய கேன்களில் பிடித்துப் போங்கள். பழகிய தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்கும் வராது.

பெரியவர்கள் கூண்டு வண்டி கட்டிக் கோவிலுக்குப் போன காலத்தில், புதிய மாட்டை முதல் நாளே நெடும் பயணத்துக்குப் பூட்டமாட்டார்கள் என்று என் ஐயா சொல்வார். நாய்க்கும் அப்படித்தான். வண்டி வந்ததும் அன்றைக்கே கிளம்பாமல், ஒரு மாலையாவது வாசலில் நிறுத்தி, அதனுடைய பழைய போர்வையை உள்ளே விரித்து, அங்கேயே சோறு வையுங்கள். பிறகு திருமயம் வரை ஒரு சின்ன ஓட்டம் போய்வாருங்கள். வண்டி குமட்டல் உள்ள நாய் என்றால் அதிலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சோறு வைக்காமல், தண்ணீர் மட்டும் கொடுங்கள். சோறு தொடாமல் கிடந்த நாயை நினைத்து எழுதியிருந்தீர்கள் ஆச்சி. உங்கள் பக்கத்தில் படுக்க இடம் கிடைத்தால், அது வண்டியானாலும் வளவானாலும் அதற்கு ஒன்றுதான்.

கேள்வி: கோவிலுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது என்பதால், தேவிபட்டினம் நவபாஷாணத்தைத் தரிசித்து வரும் அரை மணி நேரத்துக்கு மட்டும் நாயை வண்டிக்குள் விட்டு, சன்னலைச் சற்றே இறக்கிவைத்துப் போகலாமா?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: கூடாது.

நிழலில் நிறுத்தினாலும் கூடாது, சன்னலை இறக்கினாலும் கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிடுகிறது. சன்னலை இரண்டு விரல் அளவு இறக்குவதால் இதில் பெரிய மாற்றம் இல்லை என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெளியே 30 பாகை என்றால் உள்ளே 50 பாகை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகைக்குச் சற்று மேல். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மதியத்தில், ஒரு குடும்பம் வெள்ளைப் பொமரேனியன் ஒன்றைத் துணியில் சுற்றி என்னிடம் தூக்கி வந்தது. காரைப் புளியமரத்து நிழலில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். திருமண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வருவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. நாயின் ஈறுகள் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன, கண் நிலைகுத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், விசிறினேன், நரம்பில் திரவம் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் அது இறந்துவிட்டது. அந்த வீட்டுச் சிறுமி என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயவு காட்டுவதில்லை.

குளிர்சாதனம் ஓடுகிறதே என்றும் எண்ண வேண்டாம். மின்சாரம் போகலாம், பேட்டரி இறங்கலாம், பூட்டிய வண்டிக்குள் நடப்பது கோவிலுக்குள் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. இருவர் போய்வரும் வரை ஒருவர் நாயோடு நிழலில் நிற்கட்டும். பிறகு அவர் போகட்டும். நவக்கிரகங்கள் அங்கே காலங்காலமாகக் கடலுக்குள் நிற்கின்றன. கால் மணி நேரம் பிந்திப் போனாலும் தரிசனம் கிடைக்கும்.

ஒருவேளை உங்கள் நாய் எங்கேயாவது வெயிலில் மயங்கினால், உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், கையில் உள்ள சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இவற்றைச் செய்துகொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தெளிந்துவிட்டதே என்று திரும்பி வராதீர்கள். சிறுநீரகக் கேடு மறுநாள்தான் வெளியே தெரியும்.

கேள்வி: சென்ற மாதம் தொண்டிக் கடற்கரையில் எங்கள் நாய் மணலில் கிடந்த காய்ந்த மீன் ஒன்றைக் கவ்விவிட்டது. வாயைத் திறந்து பிடுங்கிவிட்டோம். அன்று இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தது, பிறகு சரியாகிவிட்டது. இது கவலைப்பட வேண்டிய ஒன்றா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: பிடுங்கியது மிக நல்ல செயல். அந்த மீன் எதுவென்று தெரியாததால், கவலைப்பட வேண்டியது என்றே சொல்வேன்.

வலையில் சிக்கும் மீன்களில் விலைபோகாதவற்றை மீனவர்கள் கரையிலேயே கழித்துப் போடுவார்கள். அவற்றில் பேத்தை மீன் இருக்கும். தொட்டால் பந்துபோல் உப்பிக்கொள்ளும் அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு, காய்ந்தாலும் வெந்தாலும் அழியாது. மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கால் துவளும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ஆகவே கடற்கரையில் நாய் எதையாவது தின்றுவிட்டு அடுத்த சில மணி நேரத்தில் தள்ளாடினால், நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். மிச்ச மீன் இருந்தால் அதையும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

அதே குவியலில் திருக்கையின் வால் முள்ளும், கெளிற்று மீனின் துடுப்பு முள்ளும், அறுந்த தூண்டில் முள்ளும் கிடக்கும். தூண்டில் முள் உதட்டில் மாட்டினால் பின்னோக்கி இழுக்காதீர்கள், எதிர்முனை சதையைக் கிழிக்கும். அப்படியே விட்டு, நாய் அதைத் தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சொறி எனப்படும் இழுது மீன் கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் சுடும். மூக்கில் பட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலைத் தேய்த்தாலோ மிச்சமிருக்கும் நச்சுப் பைகளும் வெடித்துவிடும்.

வாந்திக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அலையில் விளையாடும் நாய், அறியாமலே கடல்நீரைக் குடிக்கும். சிறிதளவு என்றால் வயிற்றுப்போக்கோடு போய்விடும்; நிறையக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஏறி மூளையைத் தாக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்து நல்ல தண்ணீர் காட்டினால் அது கடல்நீரில் வாய் வைக்காது.

கேள்வி: பயணத்தில் நாய்க்குத் தனியாக என்ன சமைப்பது? நாங்கள் சாப்பிடுவதையே பிசைந்து வைக்கலாமா?
(ஒரு வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நம் சமையலில் வைக்க வேண்டாம், ஆச்சி. நமக்குச் சுவையாக இருப்பது சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்வதால்தான். அந்த இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நான்கு கிலோ நாய்க்கு, குழம்பில் ஊறிய ஒரு கவளச் சோறு தினமும் போனாலே தீங்குதான். பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். பேரப்பிள்ளைகளின் சாக்லேட்டையும் சர்க்கரை சேராத சூயிங்கத்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள். கேரவனில் எல்லாமே தாழ்வாக இருப்பதால் நாய்க்கு எட்டாத இடம் குறைவு.

வீட்டில் எதைச் சாப்பிட்டுப் பழகியதோ அதையே கொண்டுபோங்கள். வீட்டுச் சோறு சாப்பிடும் நாய் என்றால், குழைய வேகவைத்த சோறும், உப்பும் மசாலாவும் சேராத கோழிச் சதையும், கொஞ்சம் பூசணியும் போதும். பயணத்தில் புதிய தீனியைத் தொடங்கினால் கேரவனின் தரையைத்தான் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கிப் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றுகிறோம். மே மாத விடுமுறையில் எங்கள் பக் நாயோடு கோட்டைப்பட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கடற்கரை ஓரமாகவே போகத் திட்டம். யோசனை சொல்லுங்கள்.
(ஒரு கல்லூரி மாணவர், புதுவயல்)

பதில்: தம்பி, உங்கள் உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மே மாதத்தில் பக் நாயைக் கொண்டுபோகாதீர்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில், குளிர்சாதனம் இல்லாத ஆம்னிக்குள், தட்டை மூக்கு நாய் மூச்சுவிடவே திணறும். மற்ற நாய்களுக்கு மூச்சிரைப்பு சூட்டைத் தணிக்கும். பக்கின் குறுகிய மூக்கிலும் நீண்ட மென் அண்ணத்திலும் காற்று தாராளமாகப் போகாததால், மூச்சிரைக்கும் உழைப்பே அதன் சூட்டைக் கூட்டும். மழைக்காலம் முடிந்து, தையிலோ மாசியிலோ போங்கள். மே மாதத்தில் நீங்கள் மட்டும் போவதானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். துறைமுகங்களில் படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்.

வண்டியைப் பற்றி ஒன்று. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கழற்றி மாட்டும் மடக்குப் படுக்கை வேறு, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு நிரந்தரமாகப் பொருத்துவது வேறு. வேலையைத் தொடங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்காதீர்கள். இறக்கி வைத்து, காற்று மறைவில் சமையுங்கள்.

கேள்வி: கடல்நீரில் குளிப்பாட்டினால் நாயின் சொறி போகும் என்கிறார்களே?
(ஒரு வாசகர், கோட்டையூர்)

பதில்: போகாது. சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியா, உண்ணியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்று பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். உப்பு காய்ந்தால் அரிப்புதான் கூடும். கடலில் நனைந்த எந்த நாயையும் நல்ல தண்ணீரில் கழுவி, காதையும் விரலிடுக்கையும் துடைத்து உலர்த்துங்கள். துடைக்கும்போதே உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து, தடுப்பூசியைப் பற்றிக் கேட்ட மூவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெறிநோய்த் தடுப்பூசியும், எலிச் சிறுநீரால் பரவும் நோய்க்கான பாதுகாப்பும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் நடப்பில் இருக்க வேண்டும். போடவேண்டி இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டு, அட்டையை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் கூட்டமாகத் திரியும் நாய்கள் தங்கள் எல்லைக்குள் வரும் சின்ன நாயை விடமாட்டா. அவை நெருங்கினால் உங்கள் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, ஓடாமல் மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்ட நாயானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களைக் கடித்தாலும் அப்படியே. மனிதர்களுக்கான பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். கடற்கரையில் எங்கள் நாயைக் கயிறு இல்லாமல் ஓடவிட எனக்கு ஆசை. அப்பா விடமாட்டேன் என்கிறார். யாரும் இல்லாத இடம்தானே, ஏன் கூடாது?
(ஒரு மாணவி, ஆத்தங்குடி)

பதில்: யாரும் இல்லாத இடம்போல் தோன்றுகிறதே தவிர, அங்கே குடியிருப்பவர்கள் பலர், கண்ணு. பலரும் போக நினைக்கும் தை, மாசி மாதங்களில்தான் சிற்றாமைகள் என்னும் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போகின்றன. நாயின் மூக்குக்கு அந்தக் குழி எட்டத்திலிருந்தே தெரியும். விளையாட்டாகத்தான் தோண்டும், ஆனால் ஒரு நிமிடத்தில் ஒரு தலைமுறை போய்விடும். தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமற்ற நீரில் பூநாரைகள் வந்து தங்குகின்றன. அந்தப் பகுதியை 2025இல் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறார்கள். நெடுந்தூரம் பறந்துவந்து இரை தேடும் பறவையை, உன் நாய் ஒருமுறை துரத்தினாலும் அது தின்றது எல்லாம் பறப்பதிலேயே தீர்ந்துவிடும்.

மீனவர்கள் கருவாடு காயப்போட்டிருக்கும் மணலும், வலையை விரித்துப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் இடமும் அவர்களுக்கு நம் வீட்டு அடுப்படியைப்போல. அதன்மேல் ஒரு நாய் ஓடினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார். உன் நாய் கழித்ததைக் காகிதத்தில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் உன் வேலைதான்.

ஓடவிட வேண்டும் என்ற உன் ஆசை தவறல்ல. ஐந்து மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறு ஒன்றை வாங்கி வார்ப்பட்டையில் மாட்டி, மறுமுனையை நீ பிடித்துக்கொண்டு, ஈர மணல் ஓரமாக அதனோடு சேர்ந்து நீயும் ஓடு. விடியற்காலையில் போனால், ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல மணலில் தெரியும். அதைக் கண்டால் நாயைத் தூக்கிக்கொண்டு, கிளறாமல், மேலே மிதிக்காமல் விலகி வந்து வனத்துறையினருக்குச் சொல். அவர்கள் முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். குஞ்சுகள் பொரிந்து வர ஏழு வாரம்போல ஆகும்.